கையிருப்புக் கோர்வைகள்

தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் இருக்கையை விட்டு எழுந்து செல்பவர்களைக் கண்டித்து எழுதுவது நமது இசை விமர்சனத்தின் மார்கழிச் சடங்குகளுள் ஒன்று. சிற்றுண்டிச்சாலையின் அடைக்கும் அசோகாவுக்கும் லயம் பலியிடப்படுகிறது என்று ஒவ்வோர் ஆண்டும் யாரேனும் ஒருவர் வருந்துகிறார். வருந்துபவர் பெரும்பாலும் அரங்கில் அமர்ந்து தனியைக் கேட்டவர்தாம். ஆனால் அவர் கேட்டது என்ன என்பதைப் பற்றி அவரது கட்டுரையில் ஒரு வரி இராது. ‘விறுவிறுப்பான தனி’ என்ற இரண்டு சொற்களோடு மிருதங்கக் கலைஞர் வழியனுப்பி வைக்கப்படுவார். எழுந்து போனவர் செய்த அவமதிப்புக்கும் இந்த இரண்டு சொற்களுக்கும் பெரிய வேறுபாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இந்த ஒருமுறை எழுந்து செல்பவர்களின் பக்கம் நின்று பார்க்க விரும்புகிறேன். அவர்களில் பாதிப்பேர் பசிக்காகப் போகிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். மீதிப் பாதி ஏன் போகிறது? அடுத்து என்ன வரும் என்று அவர்களுக்குத் தெரியும் என்பதால்தான். முதலில் சற்று நேரம் சதுச்ரத்தில் நிதானமான நடை, பிறகு திச்ரம், அல்லது துணிந்தவராக இருந்தால் கண்டமோ மிச்ரமோ, பிறகு கஞ்சிராவோடு மாறிமாறி ஒரு குறைப்பு, வேகமான பரன்கள், மோரா, கோர்வை, கைதட்டல். இந்த வரிசையில் தவறேதும் இல்லை. வெண்பாவுக்கு ஈற்றடி முச்சீராக இருப்பதுபோல இது ஒரு வடிவம். ஆனால் ஈற்றடி முச்சீர் என்பதற்காக ஒரே வெண்பாவையே எல்லாக் கவியரங்குகளிலும் படிப்பவரை நாம் புலவர் என்று சொல்வதில்லை. இன்றைய தனிகளில் நான் காணும் பெருங்குறை, வாசிப்பவருக்குத் திறமை போதவில்லை என்பதன்று. திறமை முன்னெப்போதையும்விட அதிகம். எதை வாசிப்பது என்ற தேர்வு நடப்பதே இல்லை என்பதுதான் குறை.

மேற்கத்திய இசையில் தாளக் கருவிக் கலைஞர் ஒருவர் தனிக்கச்சேரி செய்யப் புகுந்தால், அவர் முன்னால் எழுதப்பட்ட படைப்புகள் இருக்கின்றன, அவற்றிலிருந்து தேர்ந்தெடுக்கிறார். அந்தப் படைப்புகளில் சிறந்தவை, தேர்வின் ஒரு பகுதியை வாசிப்பவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுகின்றன என்பது வியப்பான செய்தி. ஸ்டாக்ஹவுசன் 1959இல் எழுதிய ‘சிக்லஸ்’ என்ற படைப்பை எந்தப் பக்கத்திலிருந்தும் தொடங்கலாம். ஏட்டைத் தலைகீழாகத் திருப்பியும் வாசிக்கலாம். தொடங்கிய இடத்துக்கு வந்து சேர வேண்டும், அவ்வளவே. ஸெனாகிஸின் ‘சாப்ஃபா’ (1975) இன்னும் ஒரு படி மேலே போகிறது. கிரேக்கக் கவி சாஃபோவின் பெயரைத் தாங்கிய அந்தப் படைப்பில் தோல், மரம், உலோகம் என்று பொருள்வகை குறிக்கப்பட்டிருக்கிறதே தவிர, இன்ன கருவி என்று தீர்த்துச் சொல்லப்படவில்லை. வாசிப்பவர்தான் தன் ஒலிகளைத் தேடிக் கண்டடைய வேண்டும். எழுத்து மரபில் வந்தவர்கள் இப்படித் தேர்வைக் கலைஞனின் கையில் ஒப்படைக்க அரும்பாடுபட, வாய்மொழி மரபில் வந்த நாம், முழுச் சுதந்திரத்தையும் பிறப்புரிமையாகப் பெற்றுக்கொண்டு, அதை நாற்பது பக்க நோட்டுப் புத்தகத்தில் எழுதி மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறோம்.

மிருதங்கக் கலைஞருக்குக் கையில் படைப்பு எதுவும் இல்லை என்று சொல்வது தவறு. அவர் முன்னால் ஒரு படைப்பு இருக்கிறது. சற்று முன்புவரை பாடப்பட்ட பாட்டுதான் அது. அதன் தாளம், அது தாளத்தில் எடுக்கும் இடம், அதன் காலப்பிரமாணம், சொற்கள் விழுந்த விதம், நிரவலில் பாடகர் எந்தச் சொல்லில் நின்று திரும்பினார் என்பது, வயலின் கலைஞர் கடைசியாகப் போட்ட கணக்கு, இவையெல்லாம் அவருக்குத் தரப்பட்ட பொருள்கள். பாடகர் தலையசைத்துத் தனியைக் கொடுக்கும் அந்தச் சில வினாடிகளில் தேர்வு நடந்தாக வேண்டும். தனி முடிந்ததும் பாடகர் மீண்டும் அதே வரியைத்தான் எடுக்கப்போகிறார். இடையில் வாசிக்கப்பட்டது அந்த வரிக்கு ஏதேனும் செய்திருக்கிறதா, திரும்ப வரும்போது வரி முன்பைவிட வேறாகக் கேட்கிறதா என்பதே ஒரு தனியை மதிப்பிட நான் வைத்திருக்கும் எளிய அளவுகோல். பெரும்பாலான தனிகள் முடிந்து பாடகர் வரியை எடுக்கும்போது, மழைக்கு ஒதுங்கி நின்றவர் மழை விட்டதும் தெருவில் இறங்குவதுபோலத்தான் இருக்கிறது.

ஒரு கணக்கைச் சொல்லியே விளக்குகிறேன். இலக்கிய வாசகர்கள் அஞ்ச வேண்டாம். யாப்பிலக்கணம் படித்தவர்களுக்கு இது பாலபாடம். தியாகராஜரின் கீர்த்தனைகளில் தேசாதி அமைப்பில் உள்ளவை ஏராளம். ஆதி தாளத்தில் சமத்திலிருந்து ஒன்றரை அட்சரம் தள்ளிப் பாட்டு தொடங்கும். அட்சரத்துக்கு நான்கு மாத்திரை என்றால், ஓர் ஆவர்த்தனம் 32 மாத்திரை; எடுப்பு ஆறு மாத்திரை தள்ளி. சமத்தில் தொடங்கும் கோர்வை ஒன்று, இரண்டு ஆவர்த்தனம் கடந்து எடுப்பில் வந்து இறங்க வேண்டுமென்றால் அதற்கு 70 மாத்திரை தேவை. பெரும்பாலோர் கையில் இருப்பதோ சமத்துக்குச் சமம் முடியும் 64 மாத்திரைக் கோர்வை. இருபது மாத்திரைத் தொடர் ஒன்றை மூன்று முறை வாசித்து, நடுவே இரண்டிரண்டு மாத்திரைக் கார்வை விட்டால் 64. அந்த இருபதும் ஓர் ஐந்து மாத்திரை முகப்பு, அதன்பின் ‘ததிகிணதொம்’ மூன்று என்று இருக்கக்கூடும்.

இப்போது இரண்டு வழிகள் இருக்கின்றன. சமத்தில் தொடங்காமல் எடுப்பிலேயே கோர்வையைத் தொடங்கினால், அதே 64 இரண்டு ஆவர்த்தனத்தில் எடுப்பிலேயே போய் முடியும். எதையும் மாற்ற வேண்டியதில்லை. பாட்டு எங்கே தொடங்குகிறது என்பதைப் பற்றிய கவலையே வேண்டாம். கோர்வையைச் சக்கரம் பூட்டித் தள்ளிக்கொண்டு போய் வேறிடத்தில் நிறுத்துவதுபோல. மற்றொரு வழி, ஐந்து மாத்திரை முகப்பை ஏழாக விரிப்பது. இருபது இருபத்திரண்டாகிறது, மூன்று முறையும் இரண்டு கார்வையும் சேர்ந்து 70. சமத்தில் அழுத்தமாகத் தொடங்கிய சொல், கேட்பவரின் கைத்தாளத்தோடு உரசி உரசி, ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு மாத்திரை அதிகமாக மூச்சிழுத்து, பாட்டின் முதல் எழுத்தின் தலையில் வந்து இறங்குகிறது. கணக்கில் வித்தியாசம் ஆறே மாத்திரைதான். ஆனால் இரண்டாவதைச் செய்பவருக்குப் பாட்டு எங்கே எடுக்கிறது என்பது ஒரு பொருட்டாக இருக்கிறது. முதலாவது பிழையன்று; பெரியவர்களும் செய்ததுதான். எந்தப் பாட்டு வந்தாலும் அதையே செய்வதுதான் பிழை.

இன்னோர் எடுத்துக்காட்டு. சியாமா சாஸ்திரியின் பூர்விகல்யாணிக் கீர்த்தனை ‘நின்னுவினாகமரி’. மிச்ர சாபு என்றால் மூன்றும் நான்கும். இந்தக் கீர்த்தனையில் அது புரண்டு, நான்கு முன்னும் மூன்று பின்னுமாக நடக்கும். விலோம சாபு என்று அதற்குப் பெயரும் உண்டு. ஏழு என்ற எண் மாறவில்லை, சாய்வு மாறிவிட்டது. இடக்காலை முன்வைத்து நடப்பவரும் வலக்காலை முன்வைத்து நடப்பவரும் ஒரே தூரத்தைத்தான் கடக்கிறார்கள் என்றாலும் அருகில் நடந்து பார்த்தால் தெரியும். சில ஆண்டுகளுக்கு முன் சென்னையில் ஒரு சபையில் இந்தக் கீர்த்தனைக்குத் தனி கேட்டேன். பாடகர் அந்தச் சாய்வை அத்தனை பரிவோடு காப்பாற்றிப் பாடி முடித்திருந்தார். தனி தொடங்கிய முதல் சொல்லே ‘தகிட தகதிமி’. மூன்றும் நான்கும். பன்னிரண்டு நிமிடம் அப்படியே ஓடியது. கலைஞர் கெட்டிக்காரர், விரல்களில் அப்படியொரு தெளிவு. அவரது கையிருப்பில் இருந்தது மிச்ர சாபுத் தனி; கேட்கப்பட்டதும் ‘ஏழு’; எடுத்துக் கொடுத்துவிட்டார். மருந்துக்கடையில் சீட்டைப் படிக்காமல் நிறத்தைப் பார்த்து மாத்திரை கொடுப்பதுபோல.

கணக்கே கூடாது என்று சொல்லும் ரசனைவாதிகளோடு எனக்கு உடன்பாடில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அது வேறொரு சோம்பல். புதுக்கோட்டை மரபு கணக்கின் மேல் எழுந்த மரபு. கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த மாமுண்டியா பிள்ளையும், அவர் வழிவந்த தட்சிணாமூர்த்திப் பிள்ளையும் (1875–1936), பிறகு பழநி சுப்பிரமணிய பிள்ளையும் (1908–1962) கணக்கை அஞ்சியவர்கள் அல்லர். ஆனால் பழநியின் கிடைக்கக்கூடிய பதிவுகளைக் கேட்டால் விளங்கும்: கணக்கு முடிந்த பிறகுதான் அது கணக்கு என்று தெரியும். அதற்கு முன்னால் காதில் விழுவது தொப்பியின் கும்காரமும், சொற்களுக்கு நடுவே அவர் விடும் மௌனமும்தான். லலிதாராம் அவரைப் பற்றி எழுதிய ‘துருவ நட்சத்திரம்’ நூலைப் படித்தவர்கள் இதை நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை. மறுபுறம் பாலக்காடு மணி ஐயர் (1912–1981). தஞ்சாவூர் வைத்தியநாத ஐயரின் மாணவர். பாட்டுக்கு வாசிப்பது என்றால் என்ன என்பதை ஒரு நூற்றாண்டுக்கே கற்பித்தவர். 1966இல் மியூசிக் அகாதெமி அவருக்கு சங்கீத கலாநிதி வழங்கியபோது, மிருதங்கக் கலைஞர் ஒருவருக்கு அந்தப் பட்டம் கிடைப்பது அதுவே முதல்முறை. இவ்விருவரின் பாதைகளும் வேறு வேறு என்பது உண்மை. எது உயர்ந்தது என்ற பட்டிமன்றத்தில் நம் மூத்த ரசிகர்கள் அரை நூற்றாண்டைச் செலவழித்துவிட்டார்கள். இருவருக்கும் பொதுவானது எது என்று அவர்கள் கேட்டிருந்தால் நமக்குப் பயனாக இருந்திருக்கும். இருவரும் பாட்டு தெரிந்தவர்கள். இருவரும் எதை விட வேண்டும் என்று அறிந்தவர்கள்.

வேலூர் ராமபத்ரன் (1929–2012) இந்த வகையில் ஒரு தனி உதாரணம். சர்வலகுவிலேயே ஒரு தனியின் பெரும்பகுதியை நிறைத்துவிடக்கூடியவர். அதைக் கேட்டு ‘ஒன்றுமே வாசிக்கவில்லையே’ என்று பக்கத்து இருக்கையில் முணுமுணுத்த இளைஞர்களை நான் அறிவேன். அவர் எதையெல்லாம் வாசிக்காமல் விட்டார் என்பதைக் கேட்கும் காது அவர்களுக்கு வாய்க்கவில்லை. காரைக்குடி மணி (1945–2023) நேர் எதிர்த்திசை. அவரது கோர்வைகள் கட்டடக்கலை. ஆனால் அவற்றை அவரது மிருதங்கத்தில் கேட்டபோது நம்மைக் கட்டிப்போட்டது எண்களா, அந்த நாதமா? அவரது கோர்வைகள் இன்று எழுத்துப் பிரதிகளாகவும் காணொளிகளாகவும் உலகெங்கும் சுற்றுகின்றன. நாதம் பிரதியில் ஏறுவதில்லை. எண்கள் ஏறுகின்றன. நகலெடுப்பவர்கள் கையில் எஞ்சுவதும் அவையே.

நாதம் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் கடக்க இயலவில்லை. டி.எம். கிருஷ்ணா 2020இல் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ நூலை வெளியிட்டபோது, மிருதங்கம் செய்பவர்களைப் பற்றி, பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் செய்து தந்த பர்லாந்து போன்றவர்களைப் பற்றி, ஒரு விவாதம் எழுந்தது. சாதி பற்றிய விவாதமாக அது நடந்தது, நடக்கவும் வேண்டும். அதோடு இசை சார்ந்த ஒரு கேள்வியும் அதில் அடங்கியிருந்தது. அத்தனை உழைப்பும் நுண்ணறிவும் சேர்த்து ஒரு தோலில் பலவகை ஒலிகளைப் பிறப்பிக்க ஒருவர் பாடுபட்டிருக்க, பத்து நிமிடத் தனியில் அவற்றில் எத்தனை நம் காதுக்கு வருகின்றன? அதிவேகப் பரன்களில் மீட்டும் சாப்பும் அரைச்சாப்பும் ஒரே படபடப்பாகக் கரைந்துவிடுகின்றன. எண்ணிக்கை மட்டுமே குறிக்கோள் என்றால் மேசையில் தட்டினாலும் போதும்.

உப பக்கவாத்தியங்களின் நிலை இதைவிடப் பரிதாபம். கடமும் கஞ்சிராவும் மோர்சிங்கும் மேடையில் இருந்தால், மிருதங்கம் வாசித்ததையே அவை ஒவ்வொன்றும் திருப்பிச் சொல்லும். இதற்கு மறுமொழி என்று பெயர். கஞ்சிரா ஒரே கையால் வாசிக்கப்படுவது; ஒரே முகம்; அதன் அழகு, ஈரத்தோலை அழுத்தி எழுப்பும் ஆழ்ந்த ஒலியிலும், ஓரத்துச் சதங்கையின் சிணுக்கத்திலும் இருக்கிறது. இரண்டு கைக்காக, இரண்டு முகத்துக்காகப் பிறந்த சொற்கட்டை அதில் அச்சுப் பிசகாமல் கொண்டுவருவது வித்தைதான், மறுக்கவில்லை. ஹரிசங்கர் (1958–2002) அந்த வித்தையையும் செய்தார். ஆனால் அவர் கஞ்சிராவுக்கென்று ஒரு பேச்சையும் வைத்திருந்தார். கடத்துக்கு மண்ணின் ஓசை. கழுத்து, நடு, வாய் என்று மூன்று நிலம். அதற்கு வாய்க்கும் சொற்கள் வேறு. தனக்கு முன்னால் மிருதங்கம் பேசியதில் எது தன் கருவிக்கு ஏற்கும், எதை மறுத்து வேறொன்றைச் சொல்லலாம் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை கடக் கலைஞருக்கு இருக்கிறதா? பெரும்பாலான மேடைகளில் இல்லை. குறைப்பு எந்த எண்ணில் என்பதுகூட மேடைக்குப் பின்னாலேயே பேசி முடிக்கப்பட்டுவிடுகிறது. ‘ஐந்தில் வைத்துக்கொள்ளலாம், சார்.’ பிறகு மேடையில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்து வியந்து தலையாட்டுகிறார்கள்.

பழியை எல்லாம் மிருதங்கக்காரர்கள் தலையில் கட்டுவது நியாயமாகாது. என்ன பாட்டுக்குத் தனி என்பதைப் பாடகர்கள் முன்கூட்டிச் சொல்வதில்லை; பல மேடைகளில் ராக ஆலாபனை தொடங்கிய பிறகே பக்கவாத்தியக்காரர்களுக்குத் தெரியவருகிறது. வாரம் மூன்று கச்சேரி, ஐந்து பாடகர்கள், ஒத்திகை கிடையாது. இந்தச் சூழலில் கையிருப்பு இல்லாமல் பிழைக்க முடியாது. அதிலும் பாடகர்கள் முக்கிய உருப்படிக்கு மீண்டும் மீண்டும் ஆதி தாளத்திலேயே போய் விழுகிறார்கள். ரூபகத்தின் மூன்றெண்ணிக்கைக்குள் ஒரு தனியை விரிப்பது எத்தனை சுகமான சவால்! கண்ட சாபுவின் துள்ளலுக்குத் தனி விடப்பட்டு நான் கேட்டது மிக அரிது. இதற்கு மேல், தனி தொடங்கியதும் கைக்கடிகாரத்தைப் பார்க்கும் பாடகர்களும் இருக்கிறார்கள். தாளம் போடும் கையிலேயே கடிகாரம் கட்டியிருப்பார்கள், அதனால் எல்லோருக்கும் தெரியும்.

நேரம் போதாது என்ற முறையீடு உண்மை. இரண்டரை மணிநேரக் கச்சேரியில் பன்னிரண்டு நிமிடம் கிடைக்கிறது. அதை மூவர் பங்கிட வேண்டும். அதற்கு விடை, எல்லாவற்றையும் பன்னிரண்டு நிமிடத்துக்குள் திணிப்பதா? மூன்று நடைகள், ஒரு குறைப்பு, பரன்கள், மோரா, மூவகைக் கோர்வை என்று எல்லாம் வந்தாக வேண்டும் என்று யார் விதித்தது? ஒரே நடையில் நின்று, ஒரே ஒரு சொல்லை எடுத்து, அதை விரித்து மடக்கி முடித்துவிட்டால் என்ன குடிமுழுகிப்போகும்? சிறுகதைக்குரிய இடத்தில் நாவலின் அத்தியாயத் தலைப்புகளை வாசித்துவிட்டு இறங்குகிறோம். நாதஸ்வரக் கச்சேரிகளில் தவில் தனிக்கு மணிக்கணக்கில் இடம் கிடைத்த காலம் ஒன்று இருந்தது. அங்கே வளர்ந்த ஒருவர் யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி (1933–1975). அம்ஷன் குமார் அவரைப் பற்றி 2015இல் ஓர் ஆவணப்படம் எடுத்தார். அந்த விரிவில் பிறந்த சொற்களை மிருதங்கத்தின் பன்னிரண்டு நிமிடத்துக்குச் சுருக்கிக்கொண்டு வந்து, விரிவை விட்டுவிட்டு வேகத்தை மட்டும் வைத்துக்கொண்டால் கிடைப்பது என்ன என்பதை எந்த ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரியிலும் கேட்கலாம்.

பயிற்சி முறையில்தான் இதன் வேர் இருக்கிறது. மாணவன் ‘ஆதி தாளத் தனி’ என்ற ஒன்றைப் பாடமாகக் கற்கிறான். பிறகு ‘ரூபகத் தனி’, பிறகு ‘மிச்ர சாபுத் தனி’. தாளத்தின் பெயரால் தனி. எந்தப் பாட்டுக்கு என்ற கேள்வி பாடத்திட்டத்தில் இல்லை. போட்டிகளில் அவன் பாட்டே இல்லாமல் தனி மட்டும் வாசிக்கிறான். நடுவர் கணக்குச் சரியா என்று விரல்விட்டுப் பார்த்து மதிப்பெண் போடுகிறார். பத்து ஆண்டுகள் இப்படி வளர்ந்தவன் மேடைக்கு வந்ததும் திடீரென்று சாகித்தியத்தைக் கேட்கத் தொடங்குவான் என்று எதிர்பார்ப்பது பேராசை. மிருதங்கம் கற்பவர்கள் பாடக் கற்க வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னது நல்ல பிள்ளைகளுக்கான அறிவுரையாகச் சொன்னதன்று. தொழில்நுட்பத் தேவை அது. ஐம்பது கீர்த்தனைகளை வாய்விட்டுப் பாடத் தெரிந்தவன் கையில் ஐந்து கோர்வை இருந்தால் போதும். ஐந்நூறு கோர்வை தெரிந்து ஐந்து கீர்த்தனைகூடப் பாடத் தெரியாதவனிடம் தேர்ந்தெடுக்க ஒன்றுமே இல்லை.

தமிழில் எழுதுகிறவன் என்ற முறையில் ஓர் ஆதங்கம் எனக்கு உண்டு. சந்தத்தை ஓர் எல்லைவரை கொண்டுபோய்க் காட்டிய அருணகிரிநாதர் நம் கையில் இருக்கிறார். திருப்புகழ்ப் பாடல் ஒவ்வொன்றும் தன் சந்தத்தைத் தன்னோடு கொண்டுவருகிறது. குறிலும் நெடிலும் வல்லொற்றும் மெல்லொற்றும் விழும் இடத்திலேயே சொற்கட்டு எழுதப்பட்டாயிற்று. காஞ்சிபுரம் நாயினாப் பிள்ளை (1889–1934) பக்கவாத்தியங்கள் வரிசையாகச் சூழ ‘ஃபுல் பெஞ்ச்’ கச்சேரி செய்தவர். திருப்புகழை மேடையில் பாடியவரும்கூட. இன்று திருப்புகழ் கச்சேரியின் கடைசியில் துக்கடாவாக இரண்டு நிமிடம் ஓடுகிறது. அதை நடுவில் வைத்து, அதற்குத் தனி விட்டு, பாட்டின் சந்தத்தையே முதல் சொற்கட்டாக எடுத்துக்கொண்டு ஒருவர் வாசித்தால், கணக்கு தெரியாத தமிழ் வாசகன் ஒருவனும் அதைப் பின்தொடர முடியும். அவன் காதில் ஏற்கெனவே சொற்கள் இருக்கின்றன. திச்ரமும் கண்டமும் அவனுக்கு அங்கே எண்களாக வராது.

மிருதங்கம் வாசிக்கத் தெரியாத நீ யார் இதைச் சொல்ல என்று கேட்கப்படும் என்பதை அறிவேன். கேட்பவன், அவ்வளவுதான். பாடகர் ஆலாபனையில் பைரவிக்குள் வேறொரு ராகத்தின் சாயலைக் கொண்டுவந்தால் அரங்கின் மூன்றாம் வரிசை முகம் சுளிக்கிறது. பாடத் தெரியாதவர்களும்தான் சுளிக்கிறார்கள். லயத்தில் மட்டும் ரசிகனுக்குக் கருத்துச் சொல்லும் தகுதி இல்லை என்ற எண்ணத்தை வளர்த்தவர்கள் கணக்கைக் காட்டி மிரட்டியவர்கள். ரசிகனும் அதை ஏற்றுக்கொண்டு, கோர்வை எப்போது முடியும் என்று பாடகரின் கையையே பார்த்துக்கொண்டிருந்து, அது இறங்கியதும் சரியாகக் கைதட்டிவிடுகிறான். வரும் மார்கழியில் கைதட்டுவதற்கு முன் சற்றுப் பொறுத்து, பாடகர் திரும்ப எடுக்கும் அந்த ஒரு வரியைக் கேட்டுவிட்டுத் தட்டலாம். கைதட்டல் ஓசையில் இப்போது அந்த வரி யார் காதிலும் விழுவதில்லை.